பனை மறையும் தூரம்

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான் பத்தாண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். யூடியூப் காணொளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், பூமி தட்டையானது என்று இப்போது உறுதியாகச் சொல்கிறாராம். வாக்குவாதத்தின் நடுவே அவர் கேட்ட ஒரு கேள்விக்குத் தம்பியிடம் விடை இல்லை. "உருண்டை என்கிறாயே, நீ பார்த்தாயா? நீ பாடப்புத்தகத்தை நம்பினாய், நான் காணொளியை நம்புகிறேன். உனக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?" மார்த்தாண்டம் வட்டாரத்தில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், இதற்கு என்ன சொல்வது என்று என்னிடம் கேட்கிறார்.

தம்பி, உங்கள் மச்சானின் முடிவு தவறு. ஆனால் அவருடைய கேள்வி சரியானது. நம்மில் பெரும்பாலோர் பூமி உருண்டை என்பதை அறிந்தவர்கள் அல்லர், கேள்விப்பட்டவர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன், கற்பித்துக்கொண்டே இருந்தேன் என்பது இன்னும் வெட்கம். ஆகவே அவரோடு மோதுவதற்கு முன்பு, நம் கையில் இருக்கும் சான்றுகளில் எவை உண்மையில் சான்றுகள் என்று பார்த்துவிடுவோம். ஒரு காட்சியைத் தட்டை என்பவரும் உருண்டை என்பவரும் ஒரே மாதிரி விளக்கிவிட முடியுமானால், அந்தக் காட்சி இருவரில் யாருக்கும் சாட்சி ஆகாது. இருவரின் கணக்கும் வெவ்வேறு விடை தரும் இடத்தைத் தேடிப் போய் அங்கே அளக்க வேண்டும்.

பள்ளியில் நாம் ஒப்பித்தவற்றை இந்த உரைகல்லில் உரசினால் பாதி பித்தளை. 1519-இல் மகல்லன் தலைமையில் புறப்பட்ட கப்பல்களில் ஒன்று 1522-இல் எல்கானோ தலைமையில் உலகைச் சுற்றி ஸ்பெயின் திரும்பியது. வட துருவத்தை நடுவில் வைத்த ஒரு தோசைக்கல்லின் மேலும் மேற்கு நோக்கியே போய்ப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரலாம் என்பதால், அது எதையும் நிறுவவில்லை. நமக்கு இங்கே அந்தி சாய்ந்த பிறகும் வளைகுடாவில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் "இங்கே இன்னும் வெயில் அடிக்கிறது" என்று சொல்வதும் அவ்வாறே. தட்டைக்காரர்கள் சூரியனைத் தட்டின் மேல் வட்டமிடும் ஒரு விளக்காக வைத்து அதை விளக்கிவிடுகிறார்கள். சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் வட்டமாக விழுவதும் ஒருமுறை பார்த்தால் போதாது, ஏனெனில் தட்டுக்கும் வட்ட நிழல் உண்டு. நிலவு உதிக்கும்போதும் உச்சியில் இருக்கும்போதும் மறையும்போதும் நிகழ்ந்த கிரகணங்களை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் நிழலின் விளிம்பு அதே வளைவோடு இருக்கிறது என்று கண்டால்தான் அந்தச் சான்றுக்கு உயிர் வரும். பக்கவாட்டில் ஒளி பட்டால் தட்டின் நிழல் நீண்டு ஒடுங்கும். எந்தப் பக்கம் ஒளி பட்டாலும் பந்தின் நிழல் வட்டம்தான்.

நம் கரையில் வாழ்பவனுக்குக் கடலே முதல் ஆய்வுக்கூடம். நீரோடி, தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பு, கடலடிப் பார்களின் (பாறைத் திட்டுகளின்) இடத்தைக் கரையிலுள்ள அடையாளங்களை வைத்து, ஒரு மலை முகட்டையும் ஒரு கோவில் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் கொண்டுவந்து, அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். கணிச்சம் என்பது அதற்கு இந்தக் கரையோரச் சொல். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை, கரை எப்படி மறையும் என்று கேட்டேன். "முதல்ல மணல் போவும், பொறவு வீடு, பொறவு தெங்கு. தெங்கு தாந்தாச்சுண்ணா கோபுரம் மட்டும் நிக்கும். அதுவும் தாந்தா மலைதான்" என்றார். அவர் பயன்படுத்திய சொல்லைக் கவனியுங்கள். தெங்கு சிறுத்துப் போகும் என்று அவர் சொல்லவில்லை, தாழும் என்றார். தூரத்தால் மட்டும் மறைவது எதுவானாலும் அடியும் முடியும் சேர்ந்து மங்கிச் சிறுத்துத்தான் மறையும். இங்கே அடி முதலிலும் முடி கடைசியிலும் போகிறது.

இந்தக் கேள்வியை ஐரோப்பியர் வந்துதான் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 8-ஆம் நூற்றாண்டு வானியலாளரான லல்லர், தட்டைப் பூமியை விவரித்த புராணக் கருத்தை மறுத்தபோது, நிலம் சமமாக இருந்தால் பனைபோல் நெடிதுயர்ந்த மரங்கள் தொலைவிலிருந்து ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று கேட்டார். பனையேறிகளின் நாட்டில் பிறந்த நமக்கு இதைவிட நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது. அவருக்கு முன்பே 499-இல் ஆரியபடர், கடம்பப் பூவின் உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இதழ் செறிந்திருப்பதுபோல் பூமிக் கோளத்தைச் சுற்றி எங்கும் உயிர்கள் இருப்பதாக எழுதிவிட்டார். புராணத்தின் தட்டையும் சித்தாந்தம் எனப்பட்ட வானியல் நூல்களின் கோளமும் ஒரே நாட்டில் பல நூற்றாண்டுகள் அருகருகே இருந்தன என்பதும், பஞ்சாங்கம் கணிப்பவன் கிரகண நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டியிருந்ததால் கோளத்தையே எடுத்துக்கொண்டான் என்பதும் நம் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்திகள்.

இனிக் கணக்கு. பூமியின் ஆரம் ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் என்று கொண்டால், கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது கிடைக்கும். வள்ளத்தில் நிற்பவனின் கண் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் அவனுடைய தொடுவானம் 5 கிலோமீட்டர். அதற்கு அப்பால் எத்தனை கிலோமீட்டர் போகிறோமோ, அதன் வர்க்கத்தை 0.0785-ஆல் பெருக்கினால், அத்தனை மீட்டர் உயரம் நீருக்குக் கீழே போய்விடும். 20 மீட்டர் தெங்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டரில் முழுவதும் மறைய வேண்டும். காற்றில் ஒளி சற்று வளைவதையும் சேர்த்தால் 23-ஐ நெருங்கும். 50 மீட்டர் கோபுரம் 30 கிலோமீட்டர் தாண்டும் வரை தெரியும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையை, வானம் தெளிந்திருந்தால், 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பார்க்கக் கணக்கு இடம் தருகிறது. பெரியவர் சொன்ன வரிசையும் இதுவே. கலங்கரை விளக்கங்களுக்கான மாலுமிகளின் பட்டியல்களிலும், ஒளியின் வலிமையால் எட்டும் தூரம் வேறு, விளக்கின் உயரத்தால் எட்டும் தூரம் வேறு என்று இரண்டு கணக்குகள் உண்டு. பூமி தட்டையாக இருந்தால் இரண்டாவது கணக்குக்கு வேலையே இல்லை.

உங்கள் மச்சான் இங்கே ஒரு மறுப்பு வைத்திருப்பார், அதைக் கேட்டிருக்கிறேன். மறைந்த கப்பலை நல்ல ஜூம் கேமராவில் இழுத்தால் மீண்டும் தெரிகிறதே என்பார். தெரியத்தான் செய்யும், அது மறையாமல் வெறும் கண்ணுக்கு எட்டாத அளவு சிறுத்திருந்தால். ஜூம் ஒரு பொருளைப் பெரிதாக்கும். அதன் உறுப்புகளுக்கு இடையிலுள்ள விகிதத்தை மாற்றாது. கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, இந்தச் சோதனைக்கென்றே அளவு குறித்து நட்ட கோல்போல் நிற்கிறது: பீடம் 38 அடி, அதன்மேல் சிலை 95 அடி. கரையருகிலிருந்து எடுத்த படத்தில் பீடத்துக்கும் சிலைக்கும் உள்ள விகிதம் 38-க்கு 95. படகில் 15 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர், 25 கிலோமீட்டர் என்று விலகிப் போய், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஜூம் செய்து படம் எடுத்து, அந்த விகிதத்தை அளந்து பாருங்கள். தட்டையானால் விகிதம் மாறக் கூடாது. உருண்டையானால் சிலை மாறாமல் இருக்கப் பீடம் மட்டும் குட்டையாகிக்கொண்டே வந்து, பாறையின் உயரத்தையும் கழித்த பிறகு, 25 கிலோமீட்டர் வாக்கில் இல்லாமலே போக வேண்டும். அறம் 38 அதிகாரம் என்பதைக் குறிக்கும் பீடம் அது. கடலில் முதலில் மூழ்குவது அறம்தான் என்று ஒரு நண்பர் கேலி செய்தார்.

ஆனால் இந்தச் சோதனை உங்களைக் காலை வாரிவிடவும் கூடும் என்பதை மறைக்க மாட்டேன். எனக்கு வாரிவிட்டது. ஆண்டுகளுக்கு முன்பு ஆடி மாதத்தில் ஒரு நாள், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், கடலரிப்பைத் தடுக்கக் கற்களால் போட்ட, 3 மீட்டர் உயரமுள்ள ஒரு தூண்டில் வளைவு இருந்தது. நம் கண்ணின் உயரத்துக்கு அங்கே நாலரை மீட்டர் மறைய வேண்டும், ஆகவே ஒரு கல்லும் தெரியாது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். தொலைநோக்கியில் கல் கல்லாகத் தெரிந்தது. "சார், அப்போ தட்டையா?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு அன்று விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல் ஏதோ மழுப்பினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கரையோரத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழும்பி வருகிறது. மீன்பாடு பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். குளிர்ந்த நீரின் மேல் ஒட்டிய காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகிறது, அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒளி அடர்ந்த பக்கம் வளையும் என்பதால், நீரை ஒட்டி வரும் கதிர் பூமியின் வளைவைத் தழுவியபடியே வளைந்து வந்து, மறைந்திருக்க வேண்டிய பொருளைத் தூக்கிக் காட்டும். என் கணக்கில் ஒளி நேர்க்கோட்டில் வருகிறது என்ற ஒரு நம்பிக்கை சோதிக்கப்படாமல் ஒளிந்திருந்தது.

அதே குழியில் விழுந்து, எழ மறுத்து, அங்கேயே ஒரு மதம் கட்டியவர் இங்கிலாந்தின் சாமுவேல் ரோபோதம். இன்றைய தட்டைக்காரர்களின் குலமுதல்வர் அவர். 1838-இல் கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கத்தில், 6 மைல் நேராக ஓடும் பழைய பெட்ஃபோர்டு கால்வாயில் இறங்கி நின்று, கண்ணை நீர்மட்டத்துக்கு 8 அங்குலம் மேலே வைத்து, கொடி கட்டிய ஒரு படகு விலகிப் போவதைத் தொலைநோக்கியில் பார்த்தார். கோள உலகில் மறைந்திருக்க வேண்டிய கொடி கடைசிவரை தெரிந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. நீருக்கு 8 அங்குலம் மேலே, ஒளி மிகக் கடுமையாக வளையும் அடுக்கில், கண்ணை வைத்ததுதான் அவருடைய பிழை.

1870-இல் ஜான் ஹேம்டன் என்பவர், நீரின் வளைவைக் காட்டுபவருக்கு 500 பவுண்டு என்று பந்தயம் கட்டினார். டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வுக் கொள்கையை முன்வைத்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் அதை ஏற்றுக்கொண்டார். வாலஸ் நில அளவைத் தொழில் கற்றவர். அதே கால்வாயில் பார்வைக் கோட்டை நீரிலிருந்து 13 அடிக்கு மேலே உயர்த்தி, ஒரு பாலத்தில் தொலைநோக்கியையும் மறு பாலத்தில் குறியையும் வைத்து, நடுவில் அதே உயரத்தில் ஒரு கம்பத்தை நட்டார். உருண்டையானால் நடுக்கம்பத்தின் குறி இரு முனைகளையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே துருத்தித் தெரிய வேண்டும். தட்டையானால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அது துருத்தியே தெரிந்தது. நடுவர் வாலஸுக்குத் தீர்ப்பளித்தார். ஹேம்டன் தரப்பின் சாட்சியோ அதே காட்சியைப் பார்த்துவிட்டு, தட்டை உறுதியாயிற்று என்று துள்ளினார். பின்னர் ஹேம்டன் பல ஆண்டுகள் வசை எழுதி, வழக்குகளில் சிக்கிச் சிறை சென்றார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று ஆகிப் பணமும் திரும்பிப் போயிற்று. அந்தப் பந்தயத்தில் இறங்கியதற்காக வாலஸ் முதுமையிலும் வருந்தினார். ஆகவே தம்பி, பணம் வைத்து மட்டும் பந்தயம் கட்டாதீர்கள்.

கரையைவிட்டு நிழலுக்கு வருவோம். கிரேக்க அறிஞர் ஏராடோஸ்தனிஸ், எகிப்தில் சயீன் நகரத்துக் கிணற்றையும் அலெக்சாந்திரியாவின் நிழலையும் ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஓர் ஊரில் நிழல் இல்லை, மற்றோர் ஊரில் 7.2 பாகை, ஆகவே பூமி உருண்டை என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். இது பெரும்பிழை. அவர் பூமி உருண்டை, சூரியன் மிகத் தொலைவில் இருக்கிறது என்ற இரண்டையும் முன்பே எடுத்துக்கொண்டுதான் சுற்றளவைக் கணக்கிட்டார். பூமி தட்டை, சூரியன் அருகில் என்று எடுத்துக்கொண்டாலும் அதே இரண்டு நிழல்கள் கிடைக்கும். அப்போது கணக்கில் வருவது சூரியனின் உயரம். பண்டைய சீனர் அப்படியே கணக்கிட்டார்கள். எட்டு அடிக் கோலின் நிழல், ஆயிரம் லீ (சீனரின் தூர அளவு) தூரத்துக்கு ஓர் அங்குலம் மாறும் என்று வைத்து, சூரியன் 80,000 லீ உயரத்தில் இருப்பதாகக் கண்டார்கள். யாரும் அளக்காமலே அந்த விதி நூற்றாண்டுகளாகப் படியெடுக்கப்பட்டது. தாங் ஆட்சியில் 724-ஐ ஒட்டி, யி சிங் என்ற துறவியின் முயற்சியில், வடக்கு தெற்காகப் பல ஊர்களில் கோல் நட்டு உண்மையிலேயே அளந்தபோது, அந்த விதி பொய் என்று தெரிந்தது.

இரண்டு ஊர் போதாது; மூன்று வேண்டும் என்பதே அந்தச் சோதனையின் சூட்சுமம். இதை நம் ஊரிலிருந்தே செய்யலாம். ஏப்ரல் 11-ஐ ஒட்டி மார்த்தாண்டம் பகுதியில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். கடிகாரத்தில் 12 மணி 22 நிமிடம் வாக்கில் நட்டுவைத்த கோலுக்கு நிழல் இராது. அதே நாளில் அவரவர் உச்சிப்பொழுதில், 1 மீட்டர் கோலின் நிழல் சென்னையில் 8.4 சென்டிமீட்டர், தில்லியில் 37, ஸ்ரீநகரில் 48, லண்டனில் 94 சென்டிமீட்டர் இருக்கும். இதைப் பாகையாக மாற்றினால் முறையே 4.8, 20.3, 25.8, 43.2. நம் ஊரிலிருந்து அந்த ஊர்களுக்கு நேர் வடக்காக மட்டும் எடுத்த தூரம் (சாலைத் தூரம் அன்று) ஏறத்தாழ 533, 2,254, 2,864, 4,796 கிலோமீட்டர்.

முதலில் தட்டைக்காரரின் கணக்கைப் போடுவோம். சூரியன் நம் ஊருக்கு நேர் மேலே ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் எவ்வளவு? சென்னையின் நிழல் 6,350 கிலோமீட்டர் என்கிறது. தில்லியின் நிழல் 6,100 என்கிறது. ஸ்ரீநகர் 5,900 என்றும் லண்டன் 5,100 என்றும் சொல்கின்றன. ஒரே சூரியன், ஒரே நாள், நாலு உயரம்! இனி உருண்டைக்காரரின் கணக்கு: தூரத்தைப் பாகையால் வகுத்தால் நாலு ஊரிலும் பாகைக்கு 111 கிலோமீட்டர். சென்னையோடு நின்றுவிட்டால் இரண்டு கணக்கும் ஒன்றையொன்று குறை சொல்ல முடியாது; தூரம் கூடக் கூடத்தான் ஒன்று கிழிகிறது. ஸ்ரீநகரில் பணியிலிருக்கும் ராணுவ வீரர் ஒருவராவது இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் உண்டா? ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு மீட்டர் குச்சியும் கொத்தனாரின் தூக்குக்குண்டும் போதும்.

கொத்தனாரைச் சொன்னதும் மச்சானின் இன்னொரு வாதம் நினைவுக்கு வருகிறது. நீர் எப்போதும் மட்டமாக நிற்கும், டியூப் லெவல் வைத்துத்தானே வீடு கட்டுகிறோம், வளைந்த நீரை யார் கண்டது என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மட்டம் என்பது தூக்குக்குண்டின் நூலுக்குச் செங்குத்து, அவ்வளவுதான். அந்த நூல் ஊருக்கு ஊர் பூமியின் நடுவை நோக்கித் திரும்புமானால் மட்டமும் கூடவே திரும்பும். 100 மீட்டர் நீளத்தில் இது முக்கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், எந்தக் கொத்தனாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் கட்டடப் பொறியியல் படித்திருக்கிறார்களே, அவர்களில் ஒருவரின் நில அளவைப் பாடநூலைப் புரட்டச் சொல்லுங்கள். வளைவுத் திருத்தம் 0.0785 தூரத்தின் வர்க்கம், ஒளிவிலகலையும் சேர்த்தால் 0.0673 என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். மேலே வள்ளத்திலிருந்து கரையைப் பார்க்க நாம் பயன்படுத்திய எண்ணே அது.

இரவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தை, மாசி மாதங்களில் முன்னிரவில் தெற்கே தனித்துப் பளிச்சென்று நிற்கும் விண்மீனை அகத்தியர் என்கிறோம். மார்த்தாண்டத்தில் அது உச்சம் தொடும்போது தொடுவானிலிருந்து 29 பாகை உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை, ஆகவே மூன்று முட்டி. தில்லியில் ஒரு முட்டிகூட வராது. ஸ்ரீநகரில் 3 பாகைதான், மலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதற்கும் வடக்கே, 37 பாகை அட்சரேகையைத் தாண்டினால், அகத்தியர் எழுவதே இல்லை. துருவ மீனோ நேர்மாறாக, நமக்கு வடக்கே ஒரு முட்டிக்கும் கீழே தென்னந்தலைப்பில் தடுமாறிக்கொண்டிருப்பது ஸ்ரீநகரில் 34 பாகை ஏறிவிடுகிறது. அகத்தியர் தெற்கே வந்தபோது நாடு சமன்பட்டது என்ற கதைக்கும், தெற்கே வர வர உயர எழும் இந்த மீனுக்கும் தொடர்பு இருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. அது என் கற்பனை, சான்று அன்று. கோரமண்டல் கரை மாலுமிகள் ராப்பலகை என்ற சிறு பலகையைக் கண்முன் பிடித்துத் துருவ மீனின் உயரத்தை அளந்து ஊரை அடையாளம் கண்டதுதான் சான்று.

இவ்வளவும் சொன்ன பிறகு மச்சான், "அப்படியானால் உங்கள் விஞ்ஞானிகள் தங்களைச் சோதித்துக்கொள்வார்களா?" என்று கேட்டால், அதற்கும் விடை நம் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் அளவைப் பணியில், இந்தியாவின் நீளத்துக்கும் போகும் அந்தப் பெரிய வில்லின் தென்முனை, கன்னியாகுமரிக்கு அருகே புன்னை என்று குறிக்கப்பட்ட நிலையம். அவர்கள் அளந்தது பூமி உருண்டையா என்பதை அல்ல. எவ்வளவு தூரம் உருண்டை அல்ல என்பதை. வடக்கே போகப் போக ஒரு பாகையின் நீளம் சிறிது கூடுகிறது, அதாவது பூமி துருவங்களில் சற்று அமுங்கியிருக்கிறது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. பிறகு, லாம்டனுக்குப் பின் அந்தப் பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட்டின் காலத்தில் மத்திய இந்தியாவுக்கும் இமயத்துக்கும் இடையே, நிலத்தில் அளந்த கணக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து அளந்த கணக்கும் 5 விகலைக்குச் (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) சற்று மேல் முரண்பட்டன. நிலத்தில் 160 மீட்டர் அளவுள்ள பிழை அது. அதை மூடி மறைத்திருக்கலாம். கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார், தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுக்கிறது என்று கண்டு, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டபோது, முரண்பாட்டைப்போல் மூன்று மடங்கு வந்தது. மலை இருக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை! மலைகளுக்கு அடியில் இலேசான பாறை வேர்போல் ஆழ இறங்கியிருக்கிறது என்ற கருத்து 1855-இல் அங்கிருந்துதான் பிறந்தது. இன்று செயற்கைக்கோள்கள் அளந்த ஈர்ப்பு வரைபடத்தில், சீரான கடல்மட்டம் இருக்க வேண்டிய நிலையைவிட உலகிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இந்தியாவின் தென்முனைக்குத் தெற்கேயுள்ள கடல். ஏறத்தாழ 106 மீட்டர் பள்ளம். உருண்டை என்று நாம் சொல்வதும் தோராயமே என்று மச்சானிடம் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். அந்தத் தோராயத்தைப் பிடித்தவர்கள் அதை நம்பியவர்களே.

சேரநாட்டில் பரமேசுவரர் என்ற வானியலாளர் 55 ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு பொருந்தாததால் 1431-இல் திருக்கணித முறையைத் தந்தார். குருபரம்பரை சொன்னது என்பதற்காக அவர் வானத்தைத் திருத்தவில்லை, கணக்கைத் திருத்தினார்.

உருண்டை என்பதே விஞ்ஞானிகள் கூடிச் செய்யும் சதி என்ற வாதத்தைப் பற்றி ஒரு சொல் போதும். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏறியது, காந்த நடுக்கோடு அவ்வழியே போவதால். அன்று முதல் இன்றுவரை அங்கே வேலை பார்ப்பவர்களில் நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு கல்யாண வீட்டில் மூன்று நாளுக்கு ஒரு ரகசியம் தங்காத ஊரில், அறுபது ஆண்டு ரகசியத்தை அவர்கள் எல்லோரும் காத்துவருகிறார்கள் என்று மச்சான் நம்பினால், அவர் நம் உறவினர்களைப் பற்றி மிக உயர்ந்த மதிப்பு வைத்திருக்கிறார்.

மச்சானிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எதைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? சோதனைக்கு முன்பே, இருவரும் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2018-இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் அமெரிக்கத் தட்டைக்காரர்கள் சிலர், சுழற்சியை அளக்கும் கருவியான லேசர் கைரோஸ்கோப் ஒன்றை 20,000 டாலருக்கு வாங்கி, பூமி சுழலவில்லை என்று காட்டப் புறப்பட்டார்கள். மணிக்கு 15 பாகை விலகல் தெரிந்தது. 24 மணிக்கு 360. அதை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு, கருவியை எதற்குள் அடைத்தால் அந்த விலகல் மறையும் என்று தேடத் தொடங்கினார்கள். இதோடு இன்னொன்றையும் வையுங்கள். தட்டைப் பூமி வரைபடத்தில் அண்டார்க்டிகா வெளி விளிம்பு என்பதால் அங்கே 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் இருக்க இயலாது. 2024 டிசம்பரில் இரு தரப்பாரும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். தட்டைக் கருத்தைப் பல ஆண்டுகள் பரப்பிவந்த ஜெரன் கம்பனெல்லா, சூரியன் மறையாமல் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, இதில் நான் நினைத்தது தவறு என்று கேமராவின் முன் சொன்னார். அவருடைய பழைய தோழர்களில் பலர் அவரை விலைபோனவர் என்று தூற்றினார்கள். முன்பே வாக்குக் கொடுத்திருந்த சோதனையில் தோற்றதைத் தோல்வி என்று சொன்ன அந்த மனிதரை நான் மதிக்கிறேன். நான் ஆடி மாதத்துக் கடற்கரையில் செய்யத் தவறியதை அவர் செய்தார்.

ஆகவே ஆடி, ஆவணியில் கடலுக்குப் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் மார்கழி, தையில், காற்று நன்றாகக் கலந்திருக்கும் முற்பகலில் படகு கேளுங்கள். கேமராவை நீருக்கு 2 மீட்டருக்குக் குறையாமல் பிடியுங்கள். ஜி.பி.எஸ். தூரத்தை ஒவ்வொரு படத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மட்டும் பார்க்காமல் மூன்று நாள் பாருங்கள், ஒரு நாள் ஒளி ஏமாற்றினால் மற்ற நாள்கள் காட்டிக்கொடுக்கும். 15, 20, 25 கிலோமீட்டரில் பீடம் எத்தனை அடி தெரியும் என்று நீங்கள் ஒரு தாளிலும், அவர் ஒரு தாளிலும் கரையிலேயே எழுதி, இரண்டையும் படகோட்டியிடம் கொடுத்துவிடுங்கள். மச்சான் 38, 38, 38 என்று எழுதுவார். நீங்கள் எழுத வேண்டிய மூன்று எண்களை நான் சொல்லப் போவதில்லை. சூத்திரம் மேலே இருக்கிறது, பாறையின் உயரத்தை மட்டும் போகும் வழியில் அளந்துகொள்ளுங்கள்.